விரதம் பூணுவோரும் மதுவை விடும் முறையும்
(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



தைப்பூசத்திற்குக் காவடி எடுப்போர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் காப்பது இந்நாட்டில் உள்ள வழக்கம். இயலாதோர் நாள்களைக் குறைத்துக்கொள்வர். மாமிசமும் மதுவும் விலக்கி, ஒருவேளை உணவோடு இருப்பர். இந்த விரதத்தை முன்னிட்டே குடியை விடத் துணிவோர் பலர். துணிவு போற்றத்தக்கதே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் சம்சுவோ பிராந்தியோ மிகுதியாக அருந்தி வந்த ஒருவர், காப்புக் கட்டிய அன்றே அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். விருந்தில் எப்போதோ அருந்துவோருக்கு இவ்வச்சம் இல்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தபின் நடுக்கம் அடங்கும் நிலையில் உள்ளோரைப் பற்றியே இப்பேச்சு.

தேர்ச் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுவதை அனைவரும் கண்டிருப்பீர்கள். மது மூளைக்கு அத்தகைய முட்டுக்கட்டை. கட்டை எப்போதும் கிடப்பதால், வடம் பிடிப்போர் இன்னும் வலுவாக இழுப்பதுபோல, மூளையும் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. கட்டையைத் திடீரென உருவினால் தேர் என்னாகும்?

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திற்குப் பிறகு நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, உறக்கமின்மை தோன்றலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகவும், இல்லாதவர் வந்து நிற்பதாகவும் சொல்வர். காய்ச்சல் ஏறும், நெஞ்சு வேகமாக அடிக்கும். இதைக் கண்டு "சாமி வந்துவிட்டது" என்று கைகூப்புவோரும், "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. இரண்டுமே தவறு. அந்த நேரத்தில் மருத்துவம் கிடைக்காவிடில் மனிதர் இறக்கவும் கூடும். 999ஐ அழைப்பதே அப்போது செய்ய வேண்டியது.

எனவே காப்புக் கட்டுவதற்கு ஓரிரு மாதம் முன்னதாகவே அரசாங்க மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ செல்வது நலம். டயஸிபாம் போன்ற மருந்தை முதலில் போதிய அளவு கொடுத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவர். முன்னர் வலிப்பு கண்டவரை மருத்துவமனையில் தங்கச் சொல்வர். வைட்டமின் பி1 என்னும் தயமினையும் கொடுப்பர். குடியர் உடலில் இது குறைந்திருக்கும். பட்டினி இருந்தால் மேலும் குறையும். குறை முற்றினால் நினைவாற்றல் நிலையாகவே கெடலாம். ஆகவே முதல் வாரத்தில் உணவைக் குறைக்கலாகாது. உடல் தேறியபின் விரதம் தொடங்கட்டும். மருத்துவரைக் காணும் வரை திடீரென நிறுத்தவும் கூடாது. அண்டை வீட்டார் கொடுத்த தூக்க மாத்திரையை மதுவோடு விழுங்குவது இன்னும் கேடு, மூச்சே நின்றுவிடும்.

ஹெராயின் கதை வேறு. அதை விடும்போது உடல்வலியும் வயிற்றுப்போக்கும் வாட்டினும், உயிர் போவது அரிது. உண்மையான ஆபத்து விட்ட பிறகே. உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். மீண்டும் அதே அளவை ஏற்றுபவர் அன்றே மாண்டுபோகக்கூடும். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு முதல் மெதடோன் சிகிச்சை அளிக்கப்படுகிறது. மருத்துவர் மேற்பார்வையில் அதை அருந்துபவரை "இன்னும் போதையில்தான் இருக்கிறான்" என்று உறவினர் ஏசுவது அறியாமை.

மருத்துவரிடம் செல்லும்போது மனைவியோ தாயாரோ உடன் செல்லட்டும். நாளொன்றுக்கு எத்தனை போத்தல், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு மாத்திரை உண்டா என்பவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்லட்டும். குடிப்பவர் தாமே சொல்லும் கணக்கு பெரும்பாலும் பாதியாகத்தான் இருக்கும்.