வளைவில் சாயும் புகையிரதம்

துவிச்சக்கர வண்டியில் விரைந்து செல்பவன், வீதியின் வளைவை அடைந்ததும், எவரும் சொல்லாமலே தன் உடலை உட்புறமாகச் சாய்த்துக்கொள்கிறான். பஸ் வண்டியில் நின்று பிரயாணஞ் செய்பவனோ அதே வளைவில் வெளிப்புறமாகத் தள்ளப்படுகிறான். சாயும் புகையிரதத்தின் தத்துவம் இவ்விரு அனுபவங்களுள்ளே அடங்கியிருக்கிறது.

லண்டனிலிருந்து கிளாஸ்கோ நகருக்குச் செல்லும் பாதை 19ஆம் நூற்றாண்டில் அமைந்தது, வளைவுகள் மலிந்தது. அதில் வேகத்தைக் கூட்டுவது எவ்வாறு? ஜப்பானியர் 1964இல் செய்தது போலப் புதுப்பாதை அமைக்கலாம். ஆயின் அதற்குப் பெரும் பொருள் வேண்டும். பிரித்தானியப் பொறியியலாளர் வேறு வழியை நாடினர். பாதை இருந்தவாறே இருக்கட்டும், வண்டி சாயட்டும் என்பதே அவர்தம் முடிவு.

வளைவில் வேகத்துக்கு முதலில் எல்லை வகுப்பது, வண்டி கவிழும் என்னும் அச்சமன்று, பிரயாணியின் அசௌகரியமே. ஆகவே, வளைவை உணரும் கருவியொன்று கட்டளையிட, பெட்டியின் உடல் 9 பாகை வரை உட்புறம் சாயுமாறு அமைத்தனர். இவ்வண்டி 1979இல் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 162 மைல் வேகத்தை எட்டியது.

1981 டிசம்பர் 7ஆம் நாள் அது பொதுமக்களை ஏற்றிக்கொண்டு கிளாஸ்கோவிலிருந்து புறப்பட்டது. லண்டனை விரைவாகவே அடைந்தது. ஆனால் பிரயாணிகள் சிலருக்குக் குமட்டலெடுத்தது. அடுத்து வந்த கடுங்குளிரில் யந்திரங்களும் பழுதுற்றன. சில நாட்களுள் வண்டி சேவையிலிருந்து அகற்றப்பட்டது.

குமட்டலுக்குக் காரணம் யாது? வளைவின் தள்ளுவிசையைப் பிரயாணி சற்றும் உணராவண்ணம் பெட்டி சாய்ந்தது. சாளரத்தின் வழியே கண் காணும் நிலமோ சரிந்தது. கண் ஒன்று கூற, உடல் வேறொன்று கூறிற்று, அம்முரண்பாடே தலைசுற்றலாயிற்று. பரிகாரம், சாய்வைக் கூட்டுவதன்று; குறைப்பது. தள்ளுவிசையில் ஒரு பங்கை உடல் உணருமாறு விட்டுவிட்டால், கண்ணும் உடலும் இணங்கிவிடும்.

இவ்வகை வண்டிகள் இத்தாலியில் 1988இலும் சுவீடனில் 1990இலும் சேவைக்கு வந்து நிலைபெற்றன. இத்தாலிய மரபில் வந்த பெண்டொலினோ வண்டிகள், 2004இல், முன்னர் தோல்வி கண்ட அதே பிரித்தானியப் பாதையில் சாய்ந்தவாறு மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடத் தொடங்கின.

பழைய பாதையில் புதிய வேகம் காண்பதற்கு இரும்பின் இயல்பை மட்டும் அறிந்தாற் போதாது. ஆசனத்தில் அமர்ந்திருக்கும் மனிதனின் இயல்பையும் அறிதல் வேண்டும். யந்திரத்தைப் படைத்தோர் அந்தப் பாடத்தைப் பிரயாணியிடமிருந்தே கற்றனர்.