தண்ணிக்குப் போய் காசா என்று கேட்டோம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், சரக்கு வண்டி ஓட்டும் குழுவின் உறுப்பினர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்களைப் பேசக் கூப்பிட்டதும், காய் வியாபாரத்தில் எவ்வளவு லாபம் வந்தது என்று சொல்லப் போகிறோம் என நினைத்திருப்பீர்கள். அது ஆண்டறிக்கையில் வரும். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது வேறு. எங்கள் வண்டி கொதித்துப்போன கதையையும், அதற்குப் பிறகு ரேடியேட்டர் கூலன்ட்டை வீட்டு வாசலிலேயே நாங்களே மாற்றப் பழகியதையும் சொல்லப் போகிறோம். கடன் போட்டு கார், வேன், டிராக்டர் எடுத்த குழுக்கள் நம்மில் இருக்கின்றன. அவர்களுக்கு உதவும்.

2019-ல் பொருளாதாரக் கடன் வாங்கி, பழைய குட்டியானை ஒன்று எடுத்தோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுவோம். வாரம் இரண்டு நடை பாச்சலூர் மலைக்கு ஏறி சவ்சவ், பீன்ஸ் இறக்கி வருவோம். ஓட்டுநர் எங்கள் உறுப்பினர் ஒருவரின் அண்ணன் மகன். அந்தத் தம்பி இரண்டு தடவை வந்து, "அத்தை, கூலன்ட் மாத்தணும், ஆயிரத்துக்கு மேல ஆகும்" என்று கேட்டான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "தண்ணிக்குப் போய் காசா? நம்ம போர்ல இல்லாத தண்ணியா?" என்று சிரித்துவிட்டு அனுப்பினோம். அவனும் வேறு வழியில்லாமல் போர் தண்ணியையே ஊற்றி ஊற்றி ஓட்டினான்.

2022 சித்திரையில், உர மூட்டையோடு மலை ஏறும்போது வண்டி பாதியில் ஆவி கக்கி நின்றது. மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தது. சூட்டில் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், தண்ணி ஆயிலில் இறங்கிவிட்டது என்றார். செலவு 18,000 ரூபாய். 19 நாள் வண்டி ஓடவில்லை. தவணை மட்டும் நிற்காமல் வந்தது.

அன்று இரவே கூட்டம் போட்டோம். மீட்டரைப் பார்க்காமல் ஓட்டியதற்காக ஓட்டுநர் சம்பளத்தில் மாதம் 500 பிடிப்பது என்று தீர்மானம் எழுதினோம். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "அவன் கேட்டப்போ நாம குடுக்கலையே" என்றார். அவர் அந்தப் பையனின் அத்தை இல்லை. அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டு இருந்தார்.

மறுநாள் மெக்கானிக், கழற்றிய ரேடியேட்டரை எங்களிடம் காட்டினார். உள்ளே இருக்கிற சன்னக் குழாய்கள் எல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தன. நம் வீட்டில் வெந்நீர் வைக்கிற பானையின் அடியில் படிகிறதே, அதே உப்பு. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தீர்மானத்தை அடித்துவிட்டோம். அடித்த பக்கம் இன்னும் நோட்டில் இருக்கிறது, கிழிக்கவில்லை.

இஞ்சினுக்குள் எரிகிற சூட்டை வெளியே கொண்டுவருவதுதான் இந்தத் தண்ணியின் வேலை. ஒரு பம்ப் அதை இஞ்சினைச் சுற்றி ஓட்டி, ரேடியேட்டருக்கு அனுப்பும். அங்கே காற்றில் ஆறித் திரும்பும். நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு உண்டு. சுமார் 80, 90 டிகிரி சூடு வந்த பிறகுதான் திறக்கும். கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும், துரு பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் சேர்ந்தது. அதோடு பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தால் 100 டிகிரியில் கொதிக்காது, 107-க்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். அதனால் மூடியின் ரப்பர் கெட்டாலும் வண்டி கொதிக்கும். நாங்கள் மூடியை வெறும் மூடி என்றுதான் நினைத்திருந்தோம்!

காலம் போகப்போக துரு மருந்து தீர்ந்துவிடும். நிறம் நன்றாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பழைய வகைக்குப் பொதுவாக 2 ஆண்டு, நீண்ட ஆயுள் வகைக்கு 5 ஆண்டு வரை சொல்வார்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதே கணக்கு. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வகை வருகிறது. ஒன்றோடு ஒன்று கலக்கவும் கூடாது.

இனி செய்முறை. காலையில், இரவெல்லாம் ஆறின வண்டியில்தான் செய்ய வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்போமா? அதே மாதிரிதான் இதுவும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கி மட்டும் வைத்து அடியில் படுக்காதீர்கள். ரப்பர் கையுறை போடுங்கள். மூடியைத் திறந்து, கீழே அகலமான பேசின் வைத்து, ரேடியேட்டர் அடியில் இருக்கிற திருகைத் திறந்தால் பழசு வடியும். சில வண்டியில் திருகு இருக்காது, கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். அப்போதே ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ, ஊறின அப்பளம் மாதிரித் தொளதொளப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். பக்கத்து சின்ன டேங்கையும் கழுவுங்கள்.

திருகை மூடி, நல்ல தண்ணி நிரப்பி, இஞ்சினை ஓட விடுங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதைச் சூட்டுப் பக்கம் வையுங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் வடித்தால் இஞ்சினுக்குள் இருக்கிற அழுக்கு அப்படியே நிற்கும். பிறகு நிறுத்தி, நன்றாக ஆற விட்டு, வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். எங்களுக்கு மூன்று தடவை ஆனது. அவசரப்பட்டால் முடியாது, ஒரு நாள் ஒதுக்கத்தான் வேண்டும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். இறுகிப் படிந்த உப்பு இப்படி அலசிப் போகாது, அதை ரேடியேட்டர் கடையில்தான் எடுக்க வேண்டும்.

இங்கேதான் முதல் தடவை நாங்கள் தப்பு செய்தோம். வடித்த பிறகும் இஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணி நிற்கும். அது தெரியாமல் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம், கலவை நீர்த்துப்போனது. சரியான முறை இது. மொத்தம் 5 லிட்டர் பிடிக்கிற வண்டி என்றால், முதலில் கலக்காத கூலன்ட் இரண்டரை லிட்டரை ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கலந்தே வருகிற டப்பாவை இதற்கு வாங்காதீர்கள், அதில் ஏற்கெனவே தண்ணி இருக்கிறது.

மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைப் பிசைந்து விட்டால் காற்று வெளியே வரும். மூடி திறந்தபடியே இஞ்சினை ஓட்டி, குமிழி அடங்கும்வரை நிரப்பி, மூடிவிடுங்கள். காற்று தங்கினாலும் வண்டி கொதிக்கும். காற்று எடுக்கத் தனித் திருகு இருக்கிற வண்டிகளும் உண்டு, புத்தகத்தைப் பாருங்கள். மறுநாள் காலை மட்டம் பார்த்து, சின்ன டேங்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். மின்விசிறி, பெல்ட் பக்கம் முந்தானையும் வளையல் கையும் போகக் கூடாது. சில வண்டியில் இஞ்சின் நின்ற பிறகும் மின்விசிறி தானே சுற்றும். நாங்கள் இந்த வேலைக்கு நைட்டி மேல் சட்டை போட்டு, தலைமுடியைக் கொண்டை போட்டுவிடுவோம். பார்த்துச் சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும். வடித்த பேசினை ஒரு நிமிடம்கூட வாசலில் விடாதீர்கள். குழந்தை, நாய், கோழி, ஆடு எதுவும் வாய் வைக்கும். சிந்தினதை மண் போட்டு அள்ளிவிட்டு, தண்ணி விட்டுக் கழுவுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பழசைச் சாக்கடையிலோ, கிணற்றுப் பக்கமோ, வயலிலோ கொட்டாதீர்கள். நாங்கள் கேனில் அடைத்து, விஷம் என்று எழுதி, பூட்டின அறையில் வைத்து, கழிவு எடுத்துக்கொள்கிற சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுக்கிறோம்.

வழியில் மீட்டர் முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஆற விடுங்கள். பச்சைத் தண்ணியைக் கொதிக்கிற இஞ்சின் மேல் ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். நன்றாக ஆறின பிறகு, வேறு வழியே இல்லை என்றால் குடிதண்ணி ஊற்றி வீடு வந்து சேரலாம். வந்த பின் கசிவைச் சரிசெய்து, எல்லாவற்றையும் வடித்து மாற்றுங்கள்.

போன தடவை நாங்களே மாற்றியதில் 1,200 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது மாதம் 100 ரூபாய் வண்டிப் பராமரிப்பு என்று தனியாக எடுத்து வைக்கிறோம். மாற்றிய தேதி, கிலோமீட்டர் இரண்டையும் தவணை எழுதுகிற நோட்டிலேயே எழுதுகிறோம். ஓட்டுநர் தம்பி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறான். அவன் கேட்கிற செலவை எழுதி வாங்கி, அடுத்த கூட்டத்திலேயே பதில் சொல்லிவிடுகிறோம். வண்டி வெளியேதான் நிற்கிறது, மூடி திறந்து காட்டுகிறோம். காலையில் இருந்து ஓட்டவில்லை, ஆறித்தான் இருக்கிறது. வாருங்கள்.