தண்டம் கேட்கும் நாவில் தமிழ் எங்கே?



தண்பொருநைக் கரையை ஒட்டி, நெல்லையினின்று திருச்செந்தூருக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1923இல். செய்துங்கநல்லூர், திருவைகுண்டம், நாசரேத்து, குரும்பூர், ஆறுமுகனேரி எனத் தமிழ்மண்ணில் தொடங்கித் தமிழ்மண்ணிலேயே முடியும் தடம் அது. வாழைத்தார் விற்று மீள்வாரும், கல்லூரி மாணவரும், செந்தில் முருகனைக் காணச் செல்லும் முதியோருமே அதில் ஏறுவோர். இவர்தம் சீட்டைச் சரிபார்க்க வருபவர் நாவில் மட்டும் தமிழ் இராதெனின், அஃது எந்நாட்டு முறை?

சீட்டு வெறுந்தாளன்று, பணம் பெற்ற அரசுக்கும் பயணிக்கும் இடையே உள்ள உடன்படிக்கை. 1989ஆம் ஆண்டுத் தொடர்வண்டிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, சீட்டின்றிச் செல்வாரிடம் கட்டணத்தோடு, அதே அளவு தொகையோ 250 உருபாவோ, எது மிகுதியோ அதனையும் தண்டமாகக் கொள்கிறது. மிகக் குறைந்த கட்டணம் 10 உருபா. தண்டமோ அதன் 25 மடங்கு! ஏய்க்கும் நோக்கம் கண்டால், 137ஆம் பிரிவின்கீழ் ஆறு திங்கள் வரை சிறையும் உண்டு.

இன்னொன்றும் கேளுங்கள். 2016 முதல், 199 கி.மீ. வரையிலான முன்பதிவிலாச் சீட்டுக்குக் கெடு வைத்துள்ளனர். சீட்டெடுத்த மூன்று மணி நேரத்துள், அல்லது அடுத்துப் புறப்படும் முதல் வண்டியில் ஏறிவிட வேண்டும். காலையில் சீட்டெடுத்து, உறவினர்க்காகக் காத்திருந்து, இடையில் ஒரு வண்டியும் போய்விட, நண்பகலில் ஏறும் மூதாட்டி தாம் பிழை செய்ததையே அறியார். கையிற் சீட்டிருக்க, அது செல்லாதென அயல்மொழியில் அதட்டினால் அவர் என் செய்வார்? பெட்டியே பார்த்திருக்கக் கூனிக் குறுகி முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்.

ஏய்ப்பவனைத் தமிழன் என்பதற்காக விடுக என்பார் எவரும் இலர். வடக்கேயிருந்து பிழைக்க வந்த ஆய்வாளர்மேலும் குற்றமில்லை. மொழி கற்பிக்காமல் அவரை அனுப்பிய நடுவணரசின் மேலதே குற்றம்.

பழைய அட்டைச் சீட்டில் ஊர்ப்பெயர் தமிழிலும் இருந்தது. கணிப்பொறி வந்து அதைத் தின்றது. இந்தியை மட்டும் தின்னவில்லை! 2018இல்தான் தமிழ் மீண்டும் சீட்டில் ஏறியது. மறு ஆண்டே, திருமங்கலத்தருகே நிலையத்தாரிடையே பேச்சு விளங்காமையால் இரு வண்டிகள் ஒரே தடத்தில் எதிரெதிர் வர நேர்ந்தது. அதற்கு மருந்தாகத் தென்னகத் தொடர்வண்டித்துறை விடுத்த சுற்றறிக்கை, இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு பணித்தது! தமிழகம் கொதித்த பின்னரே, 2019 சூன் 14இல் அதனைத் திரும்பப் பெற்றனர்.

எனவே, தமிழ் பேசவும் படிக்கவும் தேர்ந்தவரையே இத்தடத்தில் சீட்டாய்வுக்கு விடுக. தண்டச்சீட்டைத் தமிழில் தருக. மூன்று மணிக் கெடுவைச் சாளரந்தோறும் தமிழில் எழுதி வைக்க என மதுரைக் கோட்ட மேலாளர்க்கு ஒவ்வொருவரும் மடல் விடுக்க வேண்டும். அம்மடல் தமிழிலேயே செல்லட்டும்.