பந்தைத் தொடாத வீரர்



மாத்தளை நகரிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறிச் செல்லும் பாதையிலே அமைந்த சிற்றூர் இரத்தோட்டை. தேயிலையும் மிளகும் ஏலமும் விளையும் அம்மலைச்சாரலிலே, பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நிகழும் நாளில் ஒரு காட்சியைக் காணலாம். ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் சேர்க்கப்படாத கனத்த உடம்புடைய மாணவன் ஒருவன் மைதானத்தின் ஓரத்திலே ஒதுங்கி நிற்பான். அவனுக்குப் பட்டப் பெயர்கள் பல உண்டு. பொழுது சாய்ந்து, கயிறிழுத்தல் தொடங்கும் வேளையிலேதான் "அவன் எங்கே?" என்று எல்லாரும் தேடுவார்கள். கயிற்றின் கடைமுனையை உடம்பிலே சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணிலே ஊன்றி நிற்பவன் அவனே. வெற்றி கிட்டியதும் முன்னால் நின்றவர்களைத் தோளிலே தூக்கி ஆரவாரிப்பார்கள். அவனைத் தூக்குவது எளிதன்று என்பதாலோ என்னவோ, அவனை ஒருவரும் தூக்குவதில்லை.

இத்தகைய மாணவனுக்கு விளையாட்டுலகிலே வாழ்வு உண்டா? உண்டு என்பதற்குச் சான்று கடல் கடந்த அமெரிக்க நாட்டிலே இருக்கிறது. அந்நாட்டு மக்கள் பெரிதும் போற்றும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில், பந்தைத் தொடாமலே ஆயுள் முழுவதும் ஆடி, புகழும் பொருளும் ஈட்டிய மனிதர் பலர். அவர்களே தாக்குதல் அணியின் முன்வரிசை வீரர்கள்.

அந்த ஆட்டம் மலைநாட்டாருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அது றக்பி ஆட்டத்தின் வழியிலே வளர்ந்தது. கண்டியில் 1891ஆம் ஆண்டிலே கிங்ஸ்வூட் கல்லூரியின் தாபகர் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் தம் மாணவருக்கு றக்பியைப் பயிற்றுவித்தார். 1906இல் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகள் கண்டியிலே மோதின; இலங்கைப் பாடசாலைகளிடையே நிகழ்ந்த முதல் றக்பிப் போட்டி அதுவே. இரு கட்சியாரும் கூட்டமாய்ப் பிணைந்து தள்ளும் றக்பி முறையை மாற்றி, இருவரையும் ஒரு கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நிறுத்தும் விதியை 1880இல் அமெரிக்காவில் வகுத்தவர் யேல் பல்கலைக்கழகத்து வால்டர் காம்ப். அக்கோடு தோன்றிய நாளிலேயே அதனைக் காக்கும் முன்வரிசையும் தோன்றியது எனலாம்.

முன்வரிசையில் ஐவர் நிற்பர். நடுவர் ஒருவர், அவருக்கு இருமருங்கும் காவலர் இருவர், அவர்களுக்கு அப்பால் ஓரக்காரர் இருவர். நடுவர் பந்தைத் தம் கால்களினூடே பின்னே கொடுத்தவுடன் ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிவதற்குச் சில விநாடிகள் தேவை. அச்சில விநாடிகளைத் தேடிக் கொடுப்பதே இவ்வைவரின் தொழில். பாய்ந்து வரும் எதிரிகளை மறித்து நிற்க வேண்டும். தம் அணியினர் பந்தோடு ஓடுவதாயின் வழி திறந்து கொடுக்க வேண்டும். ஆயின் எதிரியைக் கையாற் பற்றி இழுத்தல் குற்றம். எறியப்பட்ட பந்தைப் பிடிக்கும் உரிமையும் சாதாரணமாக அவர்களுக்கு இல்லை. எண்பதினாயிரம் பேர் கூடிய அரங்கிலே அவர்களுடைய இலக்கம் ஒலிபெருக்கியில் கேட்குமாயின், அது பெரும்பாலும் அவர்கள் இழைத்த குற்றத்தை அறிவிப்பதற்காகவே இருக்கும்.

இத்தொழிலுக்குச் செல்லும் பாதை நெடியது. அந்நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகளில் ஏறக்குறைய 10 இலட்சம் மாணவர் இவ்வாட்டத்தை ஆடுகின்றனர். அவர்களுள் சிறந்தோர் புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகம் செல்வர். பாடசாலையை விட்டு மூன்றாண்டுகள் கழியும்வரை தேசிய உதைபந்தாட்டச் சங்கத்திலே சேர இயலாது. ஆண்டுதோறும் அச்சங்கத்தின் 32 அணிகளும் ஏழு சுற்றுகளிலே புதியவர்களைத் தெரிவு செய்யும். அவ்வாறு தெரிவாகுவோர் எல்லா நிலைகளுக்குமாகச் சுமார் 260 பேரே. தெரிவாகாதோர் பயிற்சிக் குழுவிலே காத்திருத்தலும் உண்டு. முன்வரிசையாளரின் நிறை பெரும்பாலும் 300 இறாத்தலுக்கு மேற்பட்டது. எனினும் நிறை மாத்திரம் போதாது. இடுப்பைத் தாழ்த்தி நிற்றல், காலடியைத் தவறாது பெயர்த்தல், ஐவரும் ஒரே கணத்தில் அசைதல் ஆகியவற்றை ஆண்டுக் கணக்காகப் பயின்றவர்க்கே அவ்விடம் வாய்க்கும்.

இப்பாதையிலே நடந்தவர்களுள் இந்திய வழித்தோன்றல் ஒருவரும் உளர். அவர் பெயர் பொபி சிங். பிஜித் தீவின் தலைநகராகிய சுவாவிலே 1975இல் பிறந்தவர். பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டு செல்லப்பட்டோர் ஏறத்தாழ 60,000 பேர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் அங்கே சென்றன. மன்னார்க் கரையிலே இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்த மக்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, பிஜியின் வரலாறும் தங்கள் வீட்டுக் கதை போலவே தோன்றும். அத்தகைய சமூகத்திலே பிறந்தவர் பொபி சிங்.

அமெரிக்காவின் போட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்திலே ஆடிய அவர், காவலர் நிலையிலே நின்றவர். 2000ஆம் ஆண்டு சனவரியில் சூப்பர் போல் எனப்படும் இறுதிப் போட்டியை வென்ற சென். லூயிஸ் ராம்ஸ் அணியைச் சேர்ந்திருந்தார். 2001 ஏப்ரலில், எக்ஸ்.எப்.எல். என்னும் புதிய சங்கத்தின் வெற்றிக் கிண்ணத்தை லொஸ் ஏஞ்சலிஸ் அணியுடன் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் கனடாவின் கிரே கிண்ணத்தைக் கல்கரி அணியோடு வென்றார். இரண்டாண்டுகளுக்குள் மூன்று சங்கங்களின் வெற்றி! ஆயினும் அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? அம்மூன்று அணிகளிலும் பந்தை எறிந்தவர்களின் பெயரே பெரிதும் பேசப்படுகிறது.

றக்பி ஆட்டக்காரர் ஒருவரின் கதை இதனினும் வியப்புக்குரியது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே சமோவத் தீவுப் பெற்றோருக்குப் பிறந்த ஜோர்டன் மைலாட்டா, றக்பி லீக் ஆடி வளர்ந்தவர். அமெரிக்க ஆட்டத்தை ஒரு போட்டியிலும் ஆடியறியாத அவரை 2018இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியினர் ஏழாம் சுற்றிலே, 233ஆம் இடத்திலே தெரிவு செய்தனர். முதல் இரண்டு பருவங்களிலும் அவர் ஒரு போட்டியிலேனும் களம் இறங்கவில்லை. பயிற்சியும் காயமுமாகவே காலம் கழிந்தது. 2020இல் வாய்ப்புக் கிட்டியது. 2025 பெப்ரவரியில் அவ்வணி சூப்பர் போல் வென்றபோது, இடப்புற ஓரத்தைக் காத்து நின்றவர் அவரே. வலக்கையால் எறிபவர்க்கு இடப்புறம் கண்ணுக்குப் புலனாகாத பக்கம். எனவே அவ்விடத்துக் காவல் பெரும் பொறுப்பும் பெருஞ் சம்பளமும் உடையது.

இதனைக் கேட்டு, உடம்பைப் பெருக்கினாற் போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இத்தொழிலின் மறுபக்கம் கொடியது. பிற்ஸ்பேர்க் அணியின் நடுவராய் நின்று நான்கு முறை சூப்பர் போல் வென்றவர் மைக் வெப்ஸ்ரர். ஓய்வு பெற்றபின் நினைவு தடுமாறி, சில காலம் தங்க வீடுமின்றி அலைந்து, 2002இல் தம் 50ஆம் வயதிலே மாண்டார். ஆண்டுக்கணக்காகத் தலையிலே பட்ட மோதல்களால் அவருடைய மூளை சிதைந்திருந்ததை பெனற் ஒமாலு என்னும் நைஜீரிய மருத்துவர் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பு 2005இல் வெளியான பின்னரே தலைக்காயத்தின் கொடுமையை அவ்வாட்ட உலகம் மெல்ல மெல்ல உணரத் தலைப்பட்டது.

ஆதலால் உடம்பை நம்பிய வாழ்வுக்குக் கல்வி என்னும் துணை இன்றியமையாதது. கனடாவின் லோரன்ட் டுவர்னே-டார்டிப் என்பவர் கன்சஸ் சிற்றி அணியின் காவலராய் இருந்தவர். ஆட்டம் இல்லாத மாதங்களிலே மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 2018இல் பட்டம் பெற்றார். 2020 பெப்ரவரியில் சூப்பர் போல் வென்றார். கொரோனாக் கொள்ளைநோய் பரவிய அவ்வாண்டிலே அடுத்த பருவ ஆட்டத்தைத் துறந்து, கியூபெக் மாகாணத்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றிலே பணிபுரிந்தார். களத்திலே ஒருவரைக் காத்து நின்ற கைகள் அங்கே நோயுற்ற முதியோரைத் தாங்கின.

இரத்தோட்டையிலே அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கு மைதானம் இல்லை. ஆனால் மாத்தளையிலும் கண்டியிலும் றக்பி உண்டு, குண்டெறிதல் உண்டு, பாரந்தூக்குதல் உண்டு. பொலிசும் முப்படைகளும் றக்பி அணிகள் வைத்திருக்கின்றன. திறமையுள்ள இளைஞனுக்கு அவை தொழிலுக்கும் வழியாகலாம். கனத்த உடம்புடைய பிள்ளையைக் கேலி செய்து ஓரத்திலே நிறுத்தும் வழக்கம் ஒழிந்தாலன்றி, அவன் அவ்வாயில்களை அறியப் போவதில்லை. அவனுக்கு வேண்டுவன மூன்று: உடம்பைப் பழக்கும் ஆசிரியர் ஒருவர், காயம் பட்டால் ஓய்வு கொடுக்கும் பொறுப்பு, க.பொ.த. பரீட்சையை இடையிலே கைவிடாத உறுதி.

அவற்றின் தொடக்கமாக ஒரு சிறு காரியத்தை ஒவ்வொரு பாடசாலையும் செய்யலாம். போட்டி முடிந்து பரிசு வழங்கும் மேடையிலே, கயிறிழுத்தலில் வென்ற இல்லத்தின் பெயரை வாசிக்கும்போது, கயிற்றின் கடைமுனையிலே நின்றவனின் பெயரையும் சேர்த்து வாசிக்கலாம். பட்டப் பெயரையன்று, தாய் தந்தையர் இட்ட பெயரை.