வீட்டு நீரும் வீட்டுச் செலவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதுவே கிணற்று நீர். அந்நன்னீர் மட்டம் ஓர் அடி தாழுமாயின், கீழுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழ முனையும் என்பது நிலநூலார் கணக்கு. கடனீரேரிக் கரையில் அமைந்த குருநகருக்கு இது ஏட்டுக் கணக்கன்று. கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் கை நோவு ஓர் அளவைக் காட்டிற்று. மோட்டருக்கோ கை நோவதில்லை. மிகுதியாக இறைக்குந்தோறும் மின்கட்டணமும் ஏறுகின்றது, கிணறும் சவராகின்றது.

நீரேரிகளை நன்னீராக்குமாறு பொறியியலாளர் ஆறுமுகம் 1954ஆம் ஆண்டில் முன்வைத்த திட்டம் முற்றுப்பெறவில்லை. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருமாறு அமைக்கப்பட்டது அது. ஆயினும் உப்பைப் பிரிப்பதற்கு மின்சாரம் மிக வேண்டுமாதலால் அவ்வாறு பெறும் நீர் மலிவானதன்று. குழாய்நீர்க் கட்டணமோ படிமுறையானது. 1,000 லீற்றர் ஓர் அலகு. அலகுகள் கூடக் கூட, மேற்படியிலுள்ள அலகின் விலையும் கூடும். எனவே ஒரு குடும்பம் மிச்சம்பிடிக்கும் கடைசி அலகே விலை கூடிய அலகு. கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டில், தொழிலுக்குப் போகாத நாளிலும் நீர்மானி சுழலத்தான் செய்யும்.

ஒழுகும் குழாயின் கீழ் ஒரு லீற்றர்ப் போத்தலை வைத்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் அது நிரம்பினால் நாளுக்கு 24 லீற்றர், மாதத்திற்கு 720 லீற்றர். ஒருவரும் குடியாத நீருக்கு முக்கால் அலகுக் காசு போகின்றது. தொடர்மாடி வீடுகளில் மலசலகூடத் தொட்டியின் ஒழுக்குக் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேளாது. தொட்டியில் சிறிது நீலத்தைக் கரைத்துவிட்டு, நீரைத் திறந்துவிடாமல் அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கோப்பையில் நீலநிறம் தென்படின் ஒழுக்கு உறுதி.

இன்னொரு செலவை எவரும் நீர்க்கணக்கில் எழுதுவதில்லை. சவர்நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கட்டி விரைவிற் கரைகின்றது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவினால் நீர் கொதிக்க நேரமும் எரிபொருளும் கூடுதலாக வேண்டும். ஆதலின் ஒவ்வொரு நீருக்கும் அதற்குரிய வேலையைக் கொடுத்தல் நன்று. நல்ல தண்ணீர் உலைக்கும் குடிப்பதற்கும். சவர்நீர் முற்றம் கழுவவும் மலசலகூடத்துக்கும். அரிசி கழுவிய நீர் வாழைக்குப் போகலாம்.

சவர்க்காரத்தோடு நன்கு ஒத்துப்போவது மழைநீர். ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் விழும். 30 சதுர மீற்றர்க் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை 750 லீற்றர். சிதறுவது போக மிஞ்சுவதே சில நாட் சலவைக்குப் போதும். ஐப்பசி மழைக்கு முன்னரே பீலியைத் துப்புரவாக்கி, முதல் மழையை வெளியே ஓடவிட்டு, பிந்திய மழையைப் பிடிக்க வேண்டும். பீப்பாயின் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டுதல் அவசியம். வலைக்குப் பேர்போன ஊராயினும் மீன்வலை இதற்கு உதவாது. அதன் கண் நுளம்புக்குப் பெரிது.