நம் வாசகசாலைக்கு வேண்டும் நூல்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கட்டடத்தின் கீழறையை வாசகசாலை ஆக்குவதென முடிவு செய்த நிர்வாக சபையார், அதற்கு நூல் தெரிந்தெடுக்கும் பொறுப்பை எளியேனிடம் ஒப்புவித்தனர். ஒருவன் விருப்பம் ஊரார் விருப்பமாகாது. ஆதலால் இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள உறுப்பினர் இல்லங்கள்தோறும் சென்ற மாதம் ஒரு சீட்டு அனுப்பினேன். தாங்கள் படித்தவற்றுள் பிறர் கையிலும் கொடுக்கலாம் என்று மனம் ஒப்பும் நூல் ஒன்றன் பெயரும், அதற்குரிய காரணமும் எழுதியனுப்புமாறு அச்சீட்டில் வேண்டியிருந்தேன். நாவலும் சிறுகதையும் இப்பொழுது வேண்டா என்றும் குறித்திருந்தேன். அவற்றின்மீது எனக்குப் பகையில்லை. அவற்றைப் படிக்குமாறு ஒருவரைத் தூண்ட வேண்டுவதில்லை என்பதே காரணம்.

வந்த விடைகளைப் படித்து மகிழ்ந்தேன்; சில இடங்களில் திகைத்தும் போனேன். திகைப்பை முதலிற் கூறிவிடுகிறேன். மிகப் பலர் போட்டித் தேர்வுக்குரிய வினாவிடைத் தொகுதிகளையே குறித்திருந்தனர். நம் பிள்ளைகள் உத்தியோகம் பெறவேண்டும் என்னும் கவலை எனக்கும் உண்டு, அவை வாங்கப்படும். ஆயினும் தேர்வு முடிந்த மறுநாள் அந்நூலை எவரும் தொடுவதில்லை என்பதை ஆசிரியத் தொழில் செய்வோன் அறிவான். வேறு சிலர், நம் மரபின் பெருமை கூறும் குலவரலாற்று நூல்களே முதலடுக்கை நிரப்பவேண்டும் என்று எழுதினர். இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டும்.

இவ்வகை நூல்களை நம்மவர் மட்டுமல்லர், தமிழ்நாட்டின் எல்லா வகுப்பினரும் எழுதியிருக்கின்றனர். யான் பலவற்றைப் படித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தன் குலத்தாரே பண்டு முடிபுனைந்து ஆண்டவர் என்கிறது. எல்லாவற்றையும் ஒருங்கே மெய்யென்று கொண்டால், இந்நாட்டில் அரசரன்றிக் குடிகளே இருந்ததில்லை என்றாகும்! கல்வெட்டின் எண்ணும் செப்பேட்டின் பெயரும் காட்டாது எழுதப்பட்டதை வரலாறென்று மதித்தல் கூடாது. கே.கே. பிள்ளை அவர்கள் இயற்றிய 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' என்னும் நூல் 1972இல் வெளிவந்தது. நாட்டு வரலாறு இன்ன சான்றுகொண்டு இவ்வாறு எழுதப்படும் என்பதை அதில் காணலாம். அதனைப் படித்தபின் நம் குலவரலாற்றைக் கையில் எடுப்போர், எது சான்று, எது ஆசை என்று தாமே பகுத்தறிவர்.

தம் வகுப்பைப் பற்றி ஒருவர் எழுதியதே வேண்டுமெனின், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களின் 'மருமக்கள்வழி மான்மிய'த்தைச் சொல்வேன். கவிமணி நாஞ்சில்நாட்டு வேளாளர் மரபினர். அம்மரபில் ஒருவன் தேடிய பொருள் அவன் மக்களைச் சேராது, உடன்பிறந்தாள் மக்களைச் சேரும் வழக்கம் இருந்தது. கணவன் கண்மூடினால் மனைவியும் மக்களும் வீதியில் நிற்கவேண்டியதே. காரணவர் ஒருவர்க்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தி தன் துயரத்தைத் தானே சொல்வதாக அக்கவி அமைந்துள்ளது. படிக்கும்போது நகைப்பு வரும். நகைத்து முடிக்குமுன் நெஞ்சு கனக்கும். 1917, 1918ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' என்னும் பத்திரிகையில் இது வெளிவந்தது. தம்மவரின் குறையை ஊரறியப் பாடினாரே என்று சினந்தவர் இருந்திருப்பர். எனினும் வழக்கத்தை மாற்றவேண்டும் என்ற கிளர்ச்சிக்கு இப்பாட்டு உரமாயிற்று. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர்க்கெனச் சட்டம் செய்து, மக்களுக்கு உரிமை அளித்தது. நம் மரபினர் வழக்கங்களுள்ளும், ஐந்தாம் மனைவியைப்போல் ஒருத்தி வாய்திறந்து சொல்லின் நாம் தலைகுனிய வேண்டியவை சில இருக்கலாம். அவை எவை என்பதை இம்மேடையிலிருந்து யான் சொல்லவேண்டுவதில்லை, தாய்மார்கள் அறிவர்.

இனி, மகிழ்ச்சி தந்த சீட்டுகளுக்கு வருவோம். ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஒன்றே போதும் என்று எழுதினார். காரணம் கேட்டதற்கு, "ஐயர் பட்ட பாட்டைப் படித்தால் நம் பாடு சிறிதாகிவிடுகிறது" என்ற ஒரே வரி. இதனினும் நல்ல மதிப்புரையை யான் எழுதவியலாது. ஆயினும் சில செய்திகளைக் கூட்டுகிறேன். 1940 முதல் 'ஆனந்த விகட'னில் தொடர்ந்து வந்து, 1942இல் ஐயர் காலமானதால் முற்றுப்பெறாது நின்ற நூல் அது. புத்தக வடிவம் பெற்றது 1950இல். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட இளமைப் பகுதியை, மாணாக்கர் அனைவரும் படித்தல் நன்று. அதனினும் எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுவது, 1880இல் கும்பகோணத்தில் நடந்த செய்தி. அங்கே முனிசீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவினார். பல பிரபந்தங்களையும் புராணங்களையும் கரைகண்ட ஐயர்க்கு அது புதிது. ஏட்டைப் பெற்றுப் படிக்கப் புகுந்தபோது, சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. தாம் சைவ ஒழுக்கத்தில் வளர்ந்த அந்தணராயினும், அவ்வூர்ச் சைனர் இல்லங்களை நாடிச்சென்று, அவர்களிடம் ஐயந்தீர்ந்து, 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். அன்று ஐயர் 'இது பிற சமயத்தார் நூல்' என்று ஏட்டை மூடிவைத்திருப்பின், பின்னர் வந்த பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் அவர் கையால் அச்சேறியிருக்குமோ என்று எண்ணிப் பாருங்கள்.

இதனை ஈண்டு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. சீட்டனுப்பிய இளைஞர் ஒருவர், இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலைக் குறித்திருந்தார். பட்டியலைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இது நம் சங்கத்து வாசகசாலைக்கு எதற்கு?" என்று என்னை வினவினார். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆதலால் விடையை மறைவிற் சொல்லாது இச்சபையிலேயே சொல்கிறேன். சீனிவாசன் அவர்கள் 1893இல் தம் மக்களின் பெயரையே பெயராகச் சூட்டிப் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். இலண்டன் வட்டமேசை மகாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் வீற்றிருந்தவர். ஆயினும் அந்நூலில் என்னைத் தடுத்து நிறுத்தியது இவற்றுள் எதுவுமன்று. கோயமுத்தூரில் படிக்கும்போது, பிற மாணவரோடு நட்புக் கொண்டால் தம் சாதியை அவர்கள் அறிந்து இழிவாக நடத்துவரே என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படித்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவாராம். இதனைப் படித்த நாள்முதல், மணி அடித்தபின் வகுப்புக்குள் வரும் பிள்ளையை நேரங்கடந்தாய் என்று உடனே கடிந்துகொள்ள என் நா எழுவதில்லை. பெரியவர் வினாவுக்கு இதுவே என் விடை. நம்மைப் பற்றி நாம் எழுதியதை மட்டும் படித்தால், நம்மால் பிறர் பட்டதை எங்ஙனம் அறிவோம்? இந்நூலை வாங்குவதற்குச் சபையார் ஒப்பவில்லையெனின், என் செலவில் ஒரு பிரதி வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

செய்யுளுக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த சீட்டொன்று, பேத்தியின் கையெழுத்தில் பாட்டியார் சொல்லியது. மார்கழியில் திருப்பாவை முப்பதையும் ஊரெல்லாம் பாடுகிறது. அதே ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்று பாசுரங்களை யார் படிக்கிறார்கள் என்று அப்பாட்டியார் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. திருக்கல்யாணத்திற் பாடும் கனாப்பகுதி ஒன்றோடு நாம் நின்றுவிடுகிறோம். பெரியவாச்சான் பிள்ளை உரையோடு முழுமையும் படிக்கவேண்டும். பெரியாழ்வார் திருமொழிக்கும் அவர் உரை செய்தாரெனினும், அதிற் பெரும்பகுதி அழிந்துபோக, பின்னர் மணவாளமாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் தாம் உரைவகுத்து நிறைவித்தார். முன்னோர் உரை கிடைத்த இடத்தில் தம் எழுத்தாணியைக் கீழே வைத்த அப்பணிவு, இக்காலத்து உரையாசிரியர் சிலர்க்கு வாய்க்கவில்லை.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஆனால் அவற்றை இணைக்கும் நூலொன்று விசயநகரம் சென்று, தெலுங்காய், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு கழித்துத் தமிழாகித் திரும்பிய கதையை நம் பிள்ளைகள் பலர் அறியார். 1509 முதல் 1529 வரை அரசுபுரிந்த கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்த மால்யத' என்னும் தெலுங்குக் காப்பியம் இயற்றினார். சூடிக்கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். விட்டுசித்தர் மழைக்காலத்தில் அடியார்க்கு அமுது படைத்ததும், பாண்டியன் அவையில் வாதம் வென்றதும், கோதையின் காதலும் அதில் ஆறு பிரிவுகளில் விரிந்துள்ளன. வில்லிபுத்தூரின் வீதிகளையும் சோலைகளையும் அவ்வரசர் வருணிக்கும் அழகை ஊரிற் பிறந்தவரே வியப்பர். இதனைத் தமிழாக்கியவர் இராசபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா அவர்கள் (1933–2008). அம்மொழிபெயர்ப்புக்கு 1989ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. வடமொழி, பிராகிருதம், பாலி, தெலுங்கு ஆகியவற்றிற் புலமை பெற்று, பிராகிருதத்திலுள்ள 'காதா சப்தசதி'யையும் தமிழில் தந்தவர் அவர். அகப்பாட்டுகளை விரும்புவோர் அதனைத் தவறவிடலாகாது. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி வாழும் குடும்பங்கள் மிகுந்த இவ்வூரில், அவர் நூல்கள் எத்தனை இல்லங்களில் உள்ளன என்று ஒவ்வொருவரும் தம் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்க.

மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் அன்பர் குறித்த நூல் 'மழைக்காலமும் குயிலோசையும்'. மா. கிருஷ்ணன் (1912–1996) எழுதிய இயற்கைக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் அவர்கள் தொகுத்தது. நம் மலைச்சரிவில் வாழும் நரையணிலுக்காகவே 1988இல் சரணாலயம் அமைந்தது; 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. தோப்புக்கு வரும் அணிலைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்த தம் மகன், இப்போது அது கூடு கட்டுவதை உட்கார்ந்து பார்க்கிறான் என்று அவ்வன்பர் எழுதியிருக்கிறார். காயிழப்பு இன்னும் இருக்கிறதாம். அதனையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பிறவற்றை விரைந்து சொல்கிறேன். உப்பும் எண்ணெயும் உரலும் உலக்கையும்கூட வரலாறு பேசும் என்று காட்டும் தொ. பரமசிவன் அவர்களின் 'அறியப்படாத தமிழகம்' (1997) தாய்மார்களுக்கு மிகவும் பிடிக்கும். அவருடைய 'அழகர் கோயில்' (1989) ஆய்வுநூல், பொறுமையோடு படிக்கவேண்டும். பயணநூல் விரும்புவோர்க்கு ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' உண்டு. வீண்சொல் அதிற் காண்பதரிது. நம் மொழி இழந்தது எவ்வளவு என்றறிய மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' போதும். அதைப் படித்தவர் வீட்டுப் பரணில் கிடக்கும் ஏட்டை அடுப்பிலிடார். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த 'கலைக்களஞ்சியம்' பழையதாயினும் ஒன்று வாங்கவேண்டும். அறிவியற் செய்திகளில் பல இன்று மாறிவிட்டன. கலைச்சொல் ஆக்கிய முறை மாறவில்லை. சத்திரப்பட்டியில் கட்டுத்துணி நெய்யும் அன்பர் ஒருவர், மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமோ என்று சீட்டில் கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனைச் சார்ந்த கிறீன் வைத்தியர் 1860களிலேயே தமிழில் மருத்துவங் கற்பித்து, இரணவைத்தியம் முதலிய நூல்களையும் தமிழிற் கொண்டுவந்தார் என்பதே அவர்க்கு விடை.

பணம் எங்கே என்பீர். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் செய்தது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அச்சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். ஆதலால் பொதுநூலகத்திற் கிடைக்கும் நூலை நாம் இரண்டாவதாக வாங்கவேண்டா. அங்கே உறுப்பினராகி எடுத்துவருவோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய செய்யுள் நூல்கள் பலவற்றைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். எஞ்சியவற்றை மட்டும் நம் பணத்தில் வாங்கினால், சபையார் ஒதுக்கிய தொகை போதும் என்பது என் கணக்கு.

ஒரு வேண்டுகோள் உண்டு. மாலை ஆறு மணிமுதல் எட்டுமணிவரை வாசகசாலை திறக்கப்படும் என்று அறிக்கையில் கண்டேன். அந்நேரத்தில் ஆண்கள் பத்திரிகை படிக்க வருவர். அடுப்பங்கரையில் நிற்கும் தாய்மார் எங்ஙனம் வருவர்? பிற்பகல் இரண்டுமுதல் நான்குவரை பெண்களுக்கெனத் திறக்கவேண்டும். சாவியை மகளிர் குழுவினரிடமே கொடுத்துவிடவேண்டும். நூலைப் பூட்டி வைக்காது, பெயரெழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பவேண்டும். சில கிழியும், சில தொலையும். அதற்கென்று நூற்றுக்கு ஐந்து பங்கு தொகையை இப்போதே ஒதுக்கிவைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொண்டுள்ளேன். பட்டியலின் படி அவரிடம் இருக்கிறது. சேர்க்கவோ நீக்கவோ விரும்புவோர், காரணத்தையும் எழுதி, அடுத்த கூட்டத்துக்குமுன் அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.