செங்கோட்டை: எல்லையூரும் ஒரு வாசற்படியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மதுரையிலிருந்து விருதுநகர், இராசபாளையம், தென்காசி வழியே செல்லும் இருப்புப்பாதை மலையடியை எட்டுமிடம் செங்கோட்டை; ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாயில். ஊர் நுழைவாயில் வளைவில் பொறிக்கப்பெற்ற சங்கு திருவிதாங்கூர் அரசின் இலச்சினை. பேச்சு தமிழாயினும் ஆட்சி திருவனந்தபுரத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தாலுகாவின் ஒரு பகுதி மட்டும் திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. ஆரியங்காவு முதலியன கேரளத்தில் தங்கின. 2019 முதல் ஊர் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது.

எல்லையூரின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இவ்வளவில் அமைவர். மேலும் எழுதினால் வாஞ்சிநாதனைச் சேர்ப்பர். 1911 சூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட அவர் இவ்வூரில் பிறந்தவர். எல்லைக்கு மேற்கே புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் பணிபுரிந்தவர்.

நான் பேச விழைவது செங்கோட்டை ஆவுடையக்காளைப் பற்றி. இளமையிலேயே கைம்மை எய்தியவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளைக் குருவாகக் கொண்டவர் என்பது மரபு. குற்றால மலையில் மறைந்தார் என்பர். அத்வைதத்தை அம்மானையாகவும் பள்ளாகவும் பாடினார். தீட்டு, எச்சில் என்னும் விலக்குகளை அவர் எள்ளி வினவும் இடங்களைப் படிக்கையில், ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருத்தியின் குரல் என்பதை மறக்க இயலவில்லை. திருநெல்வேலி வட்டாரத்து அந்தணப் பெண்டிர் அப்பாடல்களை வாய்மொழியாகத் தலைமுறைகள்தோறும் காத்தனர். 2002இல் வெளிவந்த திரட்டு அவற்றைப் பலர் கைக்குக் கொணர்ந்தது. நான் முதுகலை பயின்ற நாளில் எப்பாடநூலிலும் அவர் பெயரைக் கண்டதில்லை.

ஊர் வேற்றாட்சியில் இருந்தமையால் தமிழ் இலக்கிய வரலாற்றார் கண்ணில் அவர் படவில்லை எனச் சிலர் அமைதி கூறுவர். எனக்கு அது உடன்பாடன்று. 1904இலேயே கொல்லம்–செங்கோட்டை இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1906இல் இதே ஊரில் பிறந்த எசு.ஜி. கிட்டப்பாவின் குரல் தமிழ்நாட்டு நாடகமேடைகளை ஆண்டது. 1933இல் அவர் மறைந்தபோதும் ஊர் திருவிதாங்கூரிலேயே இருந்தது. அவரைத் தடுக்காத எல்லை அக்காளை மட்டும் எங்ஙனம் தடுக்கும்? அவர் பாட்டைத் தடுத்தது அடுக்களை வாசற்படி. அந்த எல்லையை எந்த ஆணையமும் சீரமைக்கவில்லை.

அச்சில் சொற்கள் உள்ளன, மெட்டுகள் இல்லை. அவற்றை அறிந்த முதிய பெண்டிர் சிலரேனும் இருப்பர் என நம்புகிறேன். வட்டம் இசைந்தால், வரும் கோடை விடுமுறையில் ஒலிப்பதிவுக் கருவியோடு செங்கோட்டை செல்ல என் மாணவியர் நால்வர் ஆயத்தமாயுள்ளனர். செலவுக் கணக்கைச் செயலாளரிடம் தந்துள்ளேன்.